பாலத்தில் கண்ணை மூடுகிறவளும் பதினாறு மாடிக் கப்பலும்

ஊரையெல்லாம் விமானம் ஏற்றி அனுப்புகிறவளுக்குத் தன்னுடைய பெட்டியைக் கட்ட மட்டும் கை வராது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் லட்சணம். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பி மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, கதிரை மூன்று. இவ்வளவும் சேர்ந்தால் என் கடை. கடவுச்சீட்டுப் படிவம் நிரப்புவேன், விசாவுக்குக் கடிதம் அடிப்பேன், கொழும்புக் கம்பனி ஒன்றின் பெயரில் டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பேன். சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில் திறந்த கடை. பிறத்தியாருடைய படிவங்களை நிரப்பி நிரப்பிக் கை உளைந்தவர்களே, உங்களுக்கு இதில் பாதிக் கதை புதிதாக இராது. ஆனாலும் கொஞ்ச நேரம் என்னுடைய படிவத்தையும் பாருங்கள்.

நிரந்தர முகவரி

கடை திறந்த புதிதில் சிலாவத்துறையிலிருந்து ஹனிபா நானா வந்தார். உம்றாவுக்கு மக்கா போவதற்காக முதன்முதலில் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும்போல ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, அப்போதுதான் திரும்பி வந்து பாதிச் சுவரோடு நின்ற வீட்டுக்குத் தகரம் போட்டிருந்தார். பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒழுங்காகச் சொன்னவர், நிரந்தர முகவரி என்று நான் கேட்டதும் நின்றுவிட்டார்.

முதலில் சிலாவத்துறை என்றார். பிறகு, குடும்ப அட்டை புத்தளத்தில்தான் இருக்கிறது என்றார். காணி உறுதி இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, வாக்கு எங்கே பதிந்திருக்கிறது என்று தனக்கே தெரியாது என்றார். நான் எழுதினேன், வெட்டினேன், வேறு படிவம் எடுத்தேன், மறுபடியும் எழுதி மறுபடியும் வெட்டினேன். மூன்றாவது படிவத்தில் அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"தங்கச்சி, நிரந்தரம் எண்டா கபுறுக்குழிதான். நீங்க இப்ப நான் மழைக்கு ஒதுங்குற இடத்த எழுதுங்க."

சுவரில் ஒட்டிய கப்பல்

கொழும்புக் கம்பனிக்காரர் ஒருமுறை பெரிய படம் ஒன்று அனுப்பினார்கள். பதினாறு மாடி உல்லாசக் கப்பல். மேல் தட்டில் நீச்சல் குளம், அதற்கும் மேலே சறுக்கு, ஒரு பக்கம் பந்து விளையாடுகிற இடம். மன்னாரில் இதற்கு யார் டிக்கெட் போட வரப்போகிறார்கள்? ஆனாலும் சுவரில் ஈரம் கசிந்த இடத்தை மறைக்க உதவும் என்று ஒட்டினேன். உயரத்தில்தான் ஒட்டினேன். கீழே ஒட்டினால் தெருவில் திரிகிற கழுதைகள் உள்ளே தலையை நீட்டி ஓரத்தைத் தின்றுவிடும். விமானக் கம்பனி ஒன்றின் கலண்டர் அப்படித்தான் பங்குனி மாதத்தோடு முடிந்தது.

மகனுடைய கடவுச்சீட்டு அலுவலாகப் பேசாலையிலிருந்து வந்த சூசை அண்ணன்தான் முதல் பார்வையாளர். வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர். தன் முறை வந்ததும் தெரியாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிகளை விரல் விட்டு எண்ணினார். எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டார். பேசாலைச் சனம் முழுவதும் ஏறினாலும் படுக்க இடமிருக்கும் என்றேன். எங்கே போகும் என்று கேட்டார். சிலது எங்கும் போகாது, சும்மா கடலில் சுற்றிவிட்டு ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து விடும் என்றேன். அண்ணனுக்கு அதுதான் விளங்கவே இல்லை. எழுந்து சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"இவ்வளவு பெரிசைக் கடலுக்குக் கொண்டு போய் ஒரு மீனும் பிடியாமல் வாறதெண்டா, அது சரியில்லை, தங்கச்சி."

என்னுடைய படிவம்

என் மகள் தர்சினி குளிர்நாடு ஒன்றில் அகதியாக இருக்கிறாள். போய் ஆறு வருடம். அவளுடைய பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அச்சடித்திருக்கிறது. நானும் என் கணவர் தவராசாவும் அவளிடம் போக இரண்டு தரம் விசாவுக்குப் போட்டோம். நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்ப முடியவில்லை என்று இரண்டு தரமும் கடிதம் வந்தது. ஊருக்கெல்லாம் விசாக் கடிதம் அடிக்கிறவளுக்கு இந்தக் கதி. பேத்திக்கு மூன்று வயதாகிவிட்டது. கம்ப்யூட்டரில் முத்தம் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் தூக்கியதில்லை.

ஒருநாள் கடையிலிருந்து மகளோடு படம் தெரியப் பேசிக்கொண்டிருந்தபோது, என் தலைக்குப் பின்னால் இருந்த கப்பலை அவள் கண்டுவிட்டாள். வந்தது வினை. சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா வேண்டாம், அவளுக்கும் எடுக்கலாம். அங்கே இப்படி ஒரு கப்பலில் ஏறினால் மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கலாம் என்றாள். ஏன் பிள்ளை, தரையில் ஒரு ஹோட்டலில் சந்திக்கக் கூடாதா என்று கேட்டேன். ஹோட்டல் என்றால் நீங்கள் அடுப்பு எங்கே என்று தேடுவீர்கள், கப்பலில்தான் உங்களை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

என் கணவர் உடனே சம்மதித்துவிட்டார். நான் கோயில் திருவிழாவைச் சொன்னேன். அது முடிந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது என்றார். போட்டோக் கொப்பி மெஷினுக்குச் சர்வீஸ் செய்ய ஆள் வருவார் என்றேன். வெயில் அதிகம் என்றேன். கடைசியில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"யோகம், மற்ற ஆக்களுக்கு நல்ல நல்ல காரணமா எழுதிக் குடுக்கிறீர். உமக்கெண்டு வரேக்க ஒண்டும் நம்புற மாதிரி அமையேல்லையே."

பாலம்

உண்மையான காரணத்தை உங்களிடம் சொல்லலாம். எங்கள் வீடு முருங்கன் பக்கம், பெருநிலத்தில். கடை மன்னார்த் தீவில். தினமும் மினிபஸ்ஸில் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பாலம் தொடங்கி இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்ததும் நான் கண்ணை மூடிவிடுவேன். ஜன்னல் பக்கம் உட்காரவே மாட்டேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்து மரியாதையாகப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

தொண்ணூறில் நாங்கள் இருவரும் ஐந்து வயது தர்சினியோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்கு ஓடினோம். வள்ளக்காரர் எங்களை நடுக்கடலில் ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து ஏற்றுவார்கள் என்று சொல்லித் திரும்பிவிட்டார். ஒரு பகல் முழுவதும் அந்த மணல் திட்டில் நின்றோம். நாலு பக்கமும் தண்ணீர், குடிக்க ஒரு போத்தல். பின்னேரம் இராமேஸ்வரத்து மீனவர்கள் வந்தார்கள். வலையை ஒதுக்கி எங்களுக்கு இடம் தந்து, தங்கள் சோற்றைப் பிசைந்து பிள்ளைக்குக் கொடுத்தார்கள். பெயர் கேட்கக்கூட எனக்குப் புத்தி இருக்கவில்லை. இன்றைக்கும் கோயிலில் அவர்களுக்காகப் பெயரில்லாமல்தான் கும்பிடுகிறேன். மனிதர் மேல் எனக்கு அன்றோடு நம்பிக்கை வந்தது. கடல் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

மினிபஸ் கொண்டக்டருக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் என் பழக்கம் தெரியும். ஒருநாளும் காரணம் கேட்டதில்லை, சிரித்ததும் இல்லை. டிக்கெட் கிழிக்கிற சத்தத்துக்கு நடுவிலே என் கதிரைப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். தினமும், காலையும் பின்னேரமும்.

"அக்கா, பாலம் முடிஞ்சுது. கண்ணைத் திறவுங்கோ."

மாஸ்டர் கேட்ட பள்ளிக்கூடம்

வியாழக்கிழமை வந்துவிட்டது. மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மகேசன் மாஸ்டர் சொக்லேட் பேணி ஒன்றோடு கடைக்கு வந்தார். ஓய்வு பெற்றவர், எங்களுக்குப் பக்கத்து ஊர். அவுஸ்திரேலியாவிலிருக்கும் மகன் அவரையும் மனைவியையும் அங்கே அழைத்து, இதே மாதிரி ஒரு கப்பலில் ஏற்றியிருந்தான். விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தது நான்தான். கப்பல் சரியில்லை, ஆட்டம் தாங்க முடியவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

அவர் சொன்னது வேறு. கப்பல் புறப்படுவதற்கு முன்னால் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பார்களாம். சைரன் ஊதும், எல்லோரும் குறித்த இடத்துக்குப் போக வேண்டும். இதை மகன் சொல்ல மறந்துவிட்டான். சைரன் ஊதியதும் மற்றவர்கள் குளிர்பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாக நடந்தார்களாம். மாஸ்டரும் மனைவியும் மட்டும் பறந்திருக்கிறார்கள். மாஸ்டர் கையில் காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை எல்லாம் போட்டுக் கட்டிய பை. அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போதும் அதைக் கொண்டுதான் போயிருக்கிறார். நம்முடைய வாடிக்கையாளர்களில் அந்தப் பை இல்லாத வீடு எது? மனைவி கையில் இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு பக்கற் பிஸ்கற். வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் அதிகாரியைக் கண்டதும் மாஸ்டர் மூச்சு வாங்கியபடி ஆங்கிலத்தில் கேட்டாராம், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் நாங்கள் போய் விழுந்தது பள்ளிக்கூடத்தில்தானே. அதிகாரி முழித்திருக்கிறார். மகன் ஓடி வந்து, அப்பா இது சும்மா பழக்குகிறார்கள் என்று சொன்ன பிறகுதான் மாஸ்டர் பையைக் கீழே வைத்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, என்ர சீவியத்தில முதல் தரமாச் சைரன் சும்மாவுக்கு ஊதினது. எவ்வளவு சந்தோசமா இருந்துது தெரியுமோ?"

முதல் சுற்றுலா

மாஸ்டர் போன கையோடு மகள் அழைத்தாள். அவரிடம் சிரித்த தைரியத்தில் நானும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கடல் எனக்குப் பயம் பிள்ளை, தீடையில் நின்ற அந்தப் பகல் இன்னும் என்னை விடவில்லை, அப்பாவை மட்டும் கூப்பிடு என்றேன். பேத்தி பின்னால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

மகள் கேட்டாள், அம்மா, அன்றைக்கு நீங்கள் எனக்கு என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா என்று. எனக்கு நினைவில்லை. அழாமல் இருப்பதற்காக நாங்கள் சுற்றுலா வந்திருக்கிறோம் என்று சொன்னேனாம். சிப்பி பொறுக்கச் சொன்னேனாம். யார் அதிகம் பொறுக்குவது என்று அப்பாவோடு போட்டி வைத்தேனாம். போத்தலில் இருந்த தண்ணீர் முழுவதும் தனக்குத்தான் வந்தது என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது என்றாள். ஐந்து வயதில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கூட்டமில்லாத ஒரு கடற்கரை, பக்கத்தில் அம்மா அப்பா இரண்டு பேரும், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள். இத்தனை வருடமாக நான் சுமந்துகொண்டு திரிந்த அந்தப் பகலை என் பிள்ளை சந்தோஷமாக வைத்திருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு வந்த நன்றியை யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"அண்டைக்கு நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். இந்த முறை நான் கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ அம்மா."

கண் திறந்த இடம்

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக எங்கள் பெயர்களை அடித்து அனுப்பினேன். நிரந்தர முகவரி கேட்டிருந்தது. ஹனிபா நானாவை நினைத்துக்கொண்டு முருங்கன் வீட்டை எழுதினேன். செய்தி பரவிவிட்டது. நானா உம்றாவிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தைப் பேத்திக்கென்று கொடுத்துவிட்டார். சூசை அண்ணன் வாந்திக்குத் தேசிக்காய் கொண்டுவந்தார். எத்தனை பேருடைய பயணத்துக்கு நான் கடிதம் அடித்திருப்பேன்! என்னுடைய பயணத்துக்கு இத்தனை பேர் அக்கறைப்படுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கள் விமானம் பிந்திவிட்டதால் மகளும் பேத்தியும் முதலே கப்பலுக்குள் போய் வாசலில் காத்திருந்தார்கள். தரையிலிருந்து கப்பலுக்கு ஒரு பாலம் போட்டிருந்தது. கீழே தண்ணீர். பழக்கம் விடுமா? கண்ணை மூடிவிட்டேன். கணவர் என் முழங்கையைப் பிடித்து நடத்தினார். அந்த மனிதர் மினிபஸ் கதையை மகளுக்குச் சொல்லி, மகள் அதைப் பிள்ளைக்குப் பாடமாக்கியிருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? காலடியில் விரிப்பு மெத்தென்று பட்டது. சின்னக் கை ஒன்று என் விரலைப் பிடித்தது.

"அம்மம்மா, பாலம் முடிஞ்சுது. கண்ணைத் திறவுங்கோ."

இத்தனை வருடம் பயந்த கடலை அந்த மூன்று நாளும் நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை, பேத்தி மடியை விட்டு இறங்கினால்தானே எழுந்து போய்ப் பார்ப்பதற்கு.