ஸ்டே கம்பியில் கட்டிய கயிறு

வாசகரே, சாட்சியாக நில்லுங்கள். தீர்ப்பை நான் கேட்கவில்லை. நடந்ததைப் பார்த்தால் போதும்.

எண்பதுகளின் தொடக்கம். வயர்லெஸ் கோபுரங்கள் நிறுத்துவது என் தொழில். ஆம்பூரில் எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கும் நானே செயலாளர். மலைகள் மறைப்பதால் எங்கள் கைக்கருவிகளின் குரல் வேலூரை எட்டாது. அதை வாங்கி வலுவாகத் திருப்பி அனுப்ப உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். தனிக் கோபுரத்துக்கு எங்களுக்கு வசதியில்லை. தோல் ஆலை ஒன்று தன் வயர்லெஸுக்காகக் கோபுரம் நிறுத்தவிருந்தது. உச்சியில் எங்கள் ஆன்டெனா, கீழே அவர்களுடையது என்று பேசி முடித்தோம்.

வரைபடம் என்னுடையது. கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் மூன்று ஸ்டே கம்பிகளில் ஒன்று, ஆலை ஒதுக்கிய இடத்தின்படி, தோல் காயப்போடும் களத்தில் இறங்கியது. அதை மதிலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்றேன். ஆலை மேலாளர் கோதண்டம் சிரித்தார்.

"வெளிய பக்கத்து தோல் ஷாப்புக்காரன் எடம். அவன்கிட்ட போய் நான் கையக் கட்டிக்கினு நிக்கணுமா?"

"உள்ள இருந்தா யாராவது அதுல தோலப் போடுவாங்க சார்."

"ஒரு தோல் படாது, நான் கேரண்டி. இது பட்டிமன்றம் இல்ல தம்பி, ஜாஸ்தி பேசாத."

உடன் வந்திருந்த சங்கத்தார் அவருக்கே தலையாட்டினர். கிடைத்த இடத்தை இழக்க எவருக்கும் மனமில்லை. பட்டிமன்ற மேடைகளில் தோற்றறியாத நான் அந்த அறையில் தோற்றேன்.

ஆன்டெனா பொருத்தும் நாள். கோபுரம் ஏறி வேலை செய்யும் எங்கள் ரிக்கர் தயாளன் உச்சியில் இருந்தார். நான் மறுபுறம் கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்! டவர் ஆடுது சார்!"

களத்துக்கு ஓடினேன். ஸ்டே கம்பிக்கும் கொட்டகைத் தூணுக்கும் இடையே கயிறு கட்டி, ஈரத் தோல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அவை பாய்மரம்போல் உப்பின. ஒவ்வொரு வீச்சுக்கும் கம்பி பக்கவாட்டில் இழுபட்டது. உச்சியில் ஒரு மனித உயிர் ஊசலாடியது.

களத்துத் தொழிலாளி கரீம் பாய் கத்தியை எடுத்தார்.

"அறுக்காதீங்க பாய்! கம்பி சுண்டிடும், ஆளத் தூக்கி எறிஞ்சிடும். ஒவ்வொண்ணா எறக்குங்க!" என்று கத்தினேன்.

இருவரும் தோல்களை இறக்கினோம். "எடம் பத்தல, அதுல கட்டுன்னு மேனேஜர்தான் சொன்னாரு தம்பி. மேல ஆளு இருக்கறது அல்லா சத்தியமா தெரியாது" என்று பாய் அழுதார். கயிறு தொய்ந்தது. மெல்ல அவிழ்த்தோம். தயாளன் இறங்கி மண்ணில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கோதண்டம் வந்தார்.

"அதான் ஒண்ணும் ஆவலியே? டீ குடிச்சிட்டு ஏறுங்கப்பா."

தயாளன் நிமிர்ந்தார். "நான் ஏறினது ஏரியல் கட்ட சார். தோலோட தோலாத் தொங்க இல்ல."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதுகாப்பை ஒருவரின் வாய்வார்த்தையில் விடக்கூடாது, வரைபடத்திலேயே கட்ட வேண்டும் என்பதை அந்தக் களத்தில்தான் கற்றேன். ஆலை முழுவதும் கேட்கும்படி, ஒலிபெருக்கி இல்லாமலே சொன்னேன்:

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தக் கம்பி மதிலுக்கு வெளிய போற வரைக்கும் இந்த டவர்ல ஒருத்தரையும் ஏற விடமாட்டேன். ரிப்பீட்டரே வராமப் போனாலும் சரி. கம்பி வெளிய போன பிறகு மொத ஆளா நான் ஏறுவேன். நான் எறங்கி வந்தப்புறம்தான் தயாளன் ஏறுவாரு."