கிரப் வீட்டுக் கிழிந்த தாள்

தலையை முன்னால் தள்ளி, பிடரி முடியை விரலால் பிரித்துக்கொண்டே, "இந்தச் சுழி அம்மா வீட்டுதா, அப்பா வீட்டுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்கிறாள் வெல்டா கிரப். பதில் தெரியாதவர்கள் அவளிடம் முடி வெட்டிக்கொள்வது கொஞ்சம் கஷ்டம். நான் முதல்முதலாகப் போனபோது, "உங்க கொள்ளுப்பாட்டி பேர் என்ன?" என்றாள். தெரியாது என்றேன். "வெக்கமா இல்ல?" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது.

தென் இண்டியானாவின் இந்தச் சிற்றூரில் அவள் வீட்டுக் கார் கொட்டகைதான் கடை. மற்ற கடைகளில் நடிகைகளின் படம் இருக்கும். இங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைக் கல்லின் படம். கல்லுக்குக் கீழே கிடப்பவள் கெசையா கிரப், இவர்கள் குலத்தின் மூத்த கிழவி. பிரிட்டிஷாரோடு நடந்த 1812ஆம் வருடத்துப் போருக்குப் போய்வந்த புருஷன் செத்த பிறகு, பிள்ளைகளோடு கென்டக்கியிலிருந்து ஓஹையோ ஆற்றைத் தாண்டி வந்து காடு திருத்தியவள். கிரப் வீட்டார் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்கள்.

ஆனால் வெல்டா கெசையாவைத் தேடியது பெருமைக்காக அல்ல. தன் அம்மா ஐவாவுக்காக.

கெசையாவின் பைபிளைத் தலையணை உறைக்குள் சுற்றி வைத்திருப்பார்கள். ஆகஸ்டு மாதக் குடும்பக் கூட்டத்தில் மட்டும் வெளியே வரும். எல்லோரும் பயபக்தியோடு தொடுவார்கள், யாரும் பிரிக்கமாட்டார்கள். கிழவியின் கல்யாணமும் பிள்ளைகளின் பிறப்பும் எழுதிய தாள் உள்ளே இருப்பதாக ஊருக்கே தெரியும். பார்த்தவர் யாரென்று கேட்டால்தான் பதில் வராது. ஒரு குளிர்காலம் அது ஐவாவின் வீட்டில் இருந்தது. திரும்பி வந்ததும் ஐவாவின் நாத்தனார் யூனிஸ் பிரித்துப் பார்த்தாள். தாள் இல்லை, தையலோரம் கிழிசல் மட்டும். வந்த மருமகள் மேல் பழி விழ வேறு சாட்சி வேண்டுமா? "நான் தொடவே இல்ல" என்று சொல்லிச் சொல்லியே ஐவா செத்துப்போனாள்.

"எங்கம்மா மேல ஒட்டின அழுக்கு. நான் துடைக்காம யார் துடைப்பா?" என்பாள் வெல்டா.

போருக்குப் போனவர்களின் விதவைகளுக்கு அரசாங்கம் பிற்பாடு நிலம் கொடுத்தது. கல்யாணம் நடந்ததை நிரூபிக்கவேண்டும். கெசையா மனுப் போட்டிருந்தால் தேதிகளாவது அதில் இருக்கும், தொலைந்த தாளில் இருந்ததைக் குடும்பத்துக்கு எழுதியாவது கொடுத்துவிடலாம் என்று வெல்டா தலைநகர ஆவணக் காப்பகத்துக்கு எழுதினாள். கிரப் என்று ஒரு விதவையே இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி அதே பதில்.

ஒருநாள் வாயில் கிளிப்புகளைக் கவ்விக்கொண்டே போனில் ஷாம்பு கேட்டிருக்கிறாள். வந்த பெட்டியில் கிரப் என்ற அவள் பெயர் ஆங்கில 'ஜி'க்குப் பதிலாக 'சி'யில் ஆரம்பித்தது. திட்ட வாயெடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கெசையாவுக்கு எழுத்து தெரியாது. வாயில பல்லும் இருந்திருக்காது. குமாஸ்தா காதுல விழுந்ததைத்தானே எழுதியிருப்பான்?"

எங்கள் தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'தான், இந்தச் சிக்கலே வந்திருக்காது என்றேன்.

"அப்ப உங்காளைக் குமாஸ்தாவா வச்சிருக்கணும்" என்றாள்.

'சி'யில் தேடச் சொன்னாள். நகல் வந்த அன்று நான் நாற்காலியில் இருந்தேன். மனுவின் கடைசியில் ஓரம் கிழிந்த ஒரு பைபிள் தாள். கல்யாணம் பதிந்த கோர்ட்டு எரிந்துபோனபடியால் என் பைபிளிலிருந்து இதைக் கிழித்து அனுப்புகிறேன் என்று குமாஸ்தா எழுதி, கீழே கெசையா கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். நிலத்துக்காகக் கிழவியே கிழித்திருக்கிறாள், ஐவா பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால். "எங்கம்மா..." என்று ஆரம்பித்த வெல்டா உடைந்து அழுதாள். எனக்குப் பாதித் தலைதான் வெட்டியிருந்தது.

மறுநாள் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு யூனிஸ் வீட்டுக்குப் போனாள். தொண்ணூறு தாண்டிய யூனிஸ் பைபிளைப் பிரித்துத் தானே நகலைக் கிழிசலோடு சேர்த்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"பாத்தீங்களா அத்தை? எங்கம்மா கிழிக்கல."

"கண்ணு தெரியுது எனக்கு. அந்தக் கெசையா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"யார்கிட்ட? நீங்க அப்பப் பொறக்கவே இல்ல."

யூனிஸ் பைபிளை மூடி உறைக்குள் போட்டாள். அவ்வளவுதான். "ஒரு மன்னிப்புக் கேட்டா நாக்கு தேஞ்சா போயிரும்?" என்று வழியெல்லாம் என்னிடம் பொரிந்து தள்ளினாள் வெல்டா. எனக்கும் கிழவி மேல் எரிச்சல்தான்.

மே கடைசியில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். தோட்டத்துப் பியோனிப் பூக்களைக் காப்பி டின்னில் போட்டுக் கல்லுக்குக் கல் வைப்பார்கள். யூனிஸ் ஒவ்வொரு வருடமும் கிரப் வரிசை முழுக்க வைத்துவிட்டு ஐவாவை மட்டும் தாண்டிப் போவாள். இந்த வருடமும் தாண்டினாள். வெல்டாவின் முகம் சிவந்துவிட்டது. வரிசையின் கோடியில், தன் புருஷன் கல்லுக்கு முன்னால் யூனிஸ் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவனுக்கு வைத்த டின்னையே எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றி ஊன்றித் திரும்பி வந்து, ஐவாவின் கல்லடியில் குனிந்து வைத்தாள். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கூப்பிடவும் இல்லை.

வெல்டா பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் போய் அத்தையின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.