பின்கதவு மட்டும்

சேசிஸ் எண்ணைப் படியெடுக்க ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் போதும். வண்டியின் சட்டத்தில் எண் பொறித்த இடத்தில் தாளை ஒட்டிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால், கறுப்புக்குள்ளிருந்து எண்கள் வெள்ளையாக எழுந்து வரும். வண்டி கை மாறும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கிற தாள்தான். எத்தனையோ எடுத்திருக்கிறேன். அந்த ஒரு தாளை எடுக்கும்போது மட்டும் என் கை பாதியில் நின்றுவிட்டது.

ஏழாவது எண் இரண்டாகத் தெரிந்தது. ஒரு நான்கு. அதன் தோளுக்குப் பின்னால், எட்டிப் பார்ப்பதுபோல, மெலிந்த இன்னொரு நான்கு.

அந்த நிழலை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அதை விழவைத்தது என் கை.

அப்பா கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் டிங்கர் வேலை செய்தார். நசுங்கிய கதவையும் மட்கார்டையும் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவார். அவருக்கு எழுத்தும் எண்ணும் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வண்டியின் பெயரைப் படிப்பது, பெயின்ட் டப்பாவில் இருக்கும் நம்பரைச் சொல்வது, பில் எழுதுவது எல்லாம் என் வேலை. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள், "மேஸ்திரி, உங்க கிளார்க் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். எனக்குத் தலை நிமிரும்.

பக்கத்துத் தெருவில் மிளகு வியாபாரம் செய்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்களும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான், அம்மாவை மட்டும் உம்மா என்பார்கள். இளைய மகன் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலில் ஒரு சிவப்புக் காரோடு திரும்பினார். இரண்டு கதவு, பின்னால் மேலே தூக்கித் திறக்கிற ஒரு கதவு. பார்த்தால் குடும்பத்தோடு சந்தைக்குப் போகிற வண்டி. அதே உடம்புக்குள் பெரிய எஞ்சினை வைத்து, தொழிற்சாலையிலேயே அடியெல்லாம் இறுக்கி அனுப்பியிருந்தார்கள். ஹாட் ஹேட்ச் என்பார்கள். அது பஜார் ரோட்டில் வரும் சத்தம் கேட்டால் சாயாக்கடைக்காரர்கள் கிளாஸோடு வெளியே வந்து நிற்பார்கள்.

ஒரு விடியற்காலையில், திருப்பூணித்துறைப் பக்கம், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் அது போய் மோதியது. கயிறு கட்டி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். அப்பா என்னிடம், "பின்னாடியே நில்லு. முன்னாடி போகாதே" என்றார். பின்னாலிருந்து பார்த்தால் புது வண்டி. நான் முன்னாலும் போய்ப் பார்த்தேன். ஓட்டுகிறவர் உட்காரும் இடம் என்று ஒன்று அங்கே இல்லை.

மறுநாள் மூத்த மகன் வந்தார்.

"மேஸ்திரி, உம்மாகிட்ட வேற மாதிரி சொல்லியிருக்கோம். ஓட்டும்போது தம்பிக்கு நெஞ்சு வலி வந்துச்சு, வண்டியை ஓரமா நிறுத்திட்டான், ஸ்டியரிங்ல சாஞ்சு உறங்குற மாதிரி அப்படியே போயிட்டான்னு. முகத்துல ஒரு கீறல் இல்ல. கழுத்துக்குக் கீழே நாங்க துணியை விலக்க விடல. இப்போ வண்டி எங்கேன்னு கேக்குறாங்க. வண்டியைப் பார்த்தாத்தான் கஞ்சி குடிப்பாங்களாம்."

"முதலாளி, இதை நேராக்க முடியாது."

"நேராக்க வேணாம். இன்னொண்ணு செய்."

துறைமுகத்து ஏலத்தில் அதே உடம்புள்ள சாதாரண வண்டி ஒன்று கிடைத்திருந்தது. சின்ன எஞ்சின், வெள்ளை நிறம், காகிதம் எதுவும் இல்லை. அப்பா மூன்று வாரம் அதன் மேல் வேலை செய்தார். சிவப்படித்தார். சக்கரத்துக்கு மேல் கறுப்பு விளிம்பு வைக்கத் துளை போட்டார். கடைசியில் மிஞ்சியது எண்தான். இறந்த வண்டியின் எண் இதில் ஏறினால்தான் பழைய ஆர்.சி. புத்தகம் பொருந்தும்.

எண் அடிக்கும் உளிகள் ஒரு பெட்டியில் வந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு எண். அப்பாவுக்கு எதுவும் அடையாளம் தெரியாது. நான் பழைய எண்ணைப் பார்த்து, உளியை எடுத்து, என் பள்ளிக்கூட ஸ்கேலால் போட்ட கோட்டின் மேல் நிறுத்திப் பிடித்தேன். அவர் சுத்தியலை ஓங்கினார். அப்பாவின் சுத்தியலுக்கு என் படிப்பு தேவைப்பட்ட நாள் அது. எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏழாவது எண்ணுக்கு நான்கை எடுத்துப் பிடித்தபோது, மூலையில் கிடந்த பழைய வண்டிக்கு என் கண் போனது. நசுங்கிய தகட்டுக்கு நடுவே, பிரேக்குக்குக் கீழே, ஒரு செருப்பு. இடது கால் செருப்பு. அதற்குள் சுத்தியல் இறங்கிவிட்டது. உளி துள்ளி இரண்டாவது முறை பதிந்தது.

"அய்யோ, என்ன செஞ்சே மோளே?"

"தெரியாம ஆடிடுச்சுப்பா."

அப்பா குனிந்து பார்த்தார். "போகட்டும். பெயின்ட் மூடிக்கும்."

வண்டி அந்த வீட்டு முற்றத்துக்குப் போனது. உம்மா அன்று கஞ்சி குடித்தார்.

அதன் பிறகு யாரும் அதை வெளியே ஓட்டவில்லை. மூத்தவர் எப்போதாவது ஸ்டார்ட் செய்து அணைப்பார். "அவன் வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு, சத்தமே வேற" என்று உம்மா சொல்வாராம். தினமும் பிற்பகலில் உம்மா பின்கதவைத் தூக்கி வைப்பார், உள்ளே காற்றுப் படட்டும் என்று. வெயில் இறங்கும்போது யாரும் தொடாமல் அந்தக் கதவு மெல்ல மெல்லத் தாழ்ந்து, கடைசியில் 'டக்' என்று மூடிக்கொள்ளும். "வந்துட்டான்" என்பார் உம்மா. பள்ளி விட்டு அந்தச் சந்து வழியாக வரும்போது மதிலுக்கு அப்பாலிருந்து அந்த 'டக்' கேட்டால் நான் ஓடுவேன். யாரோ என் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருப்பதுபோல இருக்கும்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தபோது காரணம் தெரிந்தது. கதவைத் தாங்கும் தண்டுகளுக்குள் வாயு இருக்கிறது. பழசாகிவிட்டால் வெயிலில் தாங்கும், குளிர்ந்தால் தளரும். அவ்வளவுதான். நிம்மதியாக இருந்தது. ஆனாலும் நான் அந்தச் சந்து வழியாகப் போகாமல் வேறு வழியில்தான் போய்வந்தேன்.

படிப்பு முடிந்து எறணாகுளத்தில், பழைய வண்டிகளைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் ஆபீசில் சேர்ந்தேன். தினமும் போட்டில் காயலைக் கடந்து போவேன். அறிக்கையின் அடியில் என் கையெழுத்து இருக்கும். கைநாட்டு வைக்கிற வீட்டிலிருந்து வந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை. ஒருநாள் மேலதிகாரி ஒரு ஃபைலை நீட்டி, "மட்டாஞ்சேரி, உன் ஊர்தானே" என்றார். பெங்களூரில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் ஒரு ஹாட் ஹேட்சை வாங்க விரும்புகிறார். ஒரிஜினலா, நகலா என்று எழுதித் தர வேண்டும். முகவரி அந்த மிளகு வியாபாரக் குடும்பத்து வீடு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூத்தவர் கொச்சங்காடி வீட்டை விட்டு ஃபிளாட்டுக்குப் போக இருந்தார். வண்டியை விற்கக் கூடாது என்று உம்மா பிடிவாதம். நான் போனபோது உம்மா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாமே தெரிந்தது. தொழிற்சாலையில் துளையிட்ட பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள், அதனால் துளையின் உட்சுவரிலும் நிறம் இருக்கும். இதில் சக்கர விளிம்பின் துளைகளுக்குள் வெறும் துரு. தொழிற்சாலை வெல்டிங் பொட்டு வைத்ததுபோல அளந்து அளந்து இருக்கும். இது மண்புழு போல நெளிந்து ஓடியது, அப்பாவின் கை. பெரிய எஞ்சின் வண்டிக்கென்று அடியில் பற்றவைக்கும் ஒரு தாங்கி இங்கே இல்லவே இல்லை. கடல் காற்றில் பெயின்ட் உரிந்த இடத்தில் எண் வெளியே வந்திருந்தது. தாளை வைத்துத் தேய்த்தேன். இரண்டாவது நான்கு எழுந்து வந்தது.

ஒன்றுதான் புரியவில்லை. பின்கதவு சரியாக இருந்தது. துளைகளுக்குள் சிவப்பு இருந்தது. சுரண்டிப் பார்த்தால் சிவப்புக்கு அடியில் வெள்ளை இல்லை.

மூத்தவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரிஜினல்னு எழுதிடு. நம்ம மேஸ்திரி மோள்தானே நீ?"

"பார்த்ததைத்தான் எழுதணும் முதலாளி."

"ஓஹோ, பெரிய ஆபீஸர். அடிச்சது யாரோட சுத்தியல்னு அதுல எழுதுவியா? உம்மாவுக்குத் தெரிஞ்சா அவன் எப்படிப் போனான்னு நீயே வந்து சொல்லுவியா?"

வீட்டுக்கு வந்து தாளை அப்பாவிடம் காட்டினேன். அவர் எண்ணைப் படிக்கவில்லை, நிழலைத் தடவிப் பார்த்தார்.

"நீ எழுதுறதை நானா படிக்கப் போறேன்? தலைகீழாத்தான் பிடிப்பேன்" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "என்னைப் பத்திக் கவலைப்படாதே. அந்தம்மாவை நெனச்சுக்கோ."

"அப்பா, பின்கதவு?"

"அது அவனோடது. முதலாளி சொல்லல, நானாத்தான் கழட்டி மாட்டினேன். அதுல ஒரு கீறல் கூட இல்ல. ஏதாவது ஒண்ணாவது அவன் கை பட்டதா இருக்கட்டுமேன்னு."

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த முற்றத்தில் இத்தனை வருடம் அசைந்தது அது ஒன்றுதான். வாயு, வெயில், குளிர், எல்லாம் சரி. படித்ததை மறுக்கவில்லை. வண்டியில் அவனுடையதல்லாத எதுவும் ஒருநாளும் அசைந்ததில்லை என்பதும் சரிதான்.

காலையில் எழுதினேன். நகல். எண் தொழிற்சாலையில் அடித்ததல்ல, பிற்பாடு அடித்தது. யார் அடித்தது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. இல்லாததற்கு நன்றி சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

அறிக்கையின் ஒரு பிரதியைக் கொடுக்க மாலையில் போனேன். மூத்தவர் வீட்டில் இல்லை. உம்மா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நேத்து அந்தத் தாளைப் பார்த்துட்டு ஏன் மோளே அப்படி நின்னே?"

"ஒண்ணுமில்ல உம்மா."

"சளி பிடிச்ச சத்தம்னு நான் சொன்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நீ படிச்ச பிள்ளை, நீ சிரிக்காதே. இதுல எது என் மோனோடது? தொட்டுக் காட்டு."

அறிக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் போயிருக்கலாம். அவருக்கும் படிக்கத் தெரியாது. என் எழுத்தை நம்பியே வாழ்ந்த அப்பாவின் முகம் அவரிடம் தெரிந்தது. பின்னால் போய், தூக்கி வைத்திருந்த கதவின் ஓரத்தில் கையை வைத்தேன்.

"இது உம்மா."

"இது மட்டுமா?"

"இது மட்டும்தான்."

உம்மா வண்டியின் முன்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பளபளக்கும் சிவப்பு, உடையாத கண்ணாடி, நிமிர்ந்த ஸ்டியரிங்.

"அப்போ அவன் வண்டியை ஓரமா நிறுத்தல."

நான் கதவிலிருந்து கையை எடுத்தேன். அவர் நடந்து வந்து கதவுக்குக் கீழே நின்றார். மதிலுக்கு மேல் வெயில் போய்க்கொண்டிருந்தது. கதவு தாழத் தொடங்கியது. நான் பிடிக்கப் போனேன்.

"விடு" என்றார்.

அது அவர் தலைக்கு மேல் வந்தபோது இரண்டு கையையும் உயர்த்தி அதைத் தாங்கிக்கொண்டார். 'வந்துட்டான்' என்று சொல்லவில்லை. முற்றம் இருட்டும்வரை அதை மூட விடாமல் நின்றார். நானும் நின்றேன்.