ஆகக் குறைந்த அளவு

மஸ்கட்டில், குழல் வாய் வழியே கருமருந்து போட்டுச் சுடும் பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் கடையில் என்னோடு ஓர் அண்ணன் வேலை பார்த்தார். தீய்ந்த புருவம். சரிசெய்த துப்பாக்கிக்கு முதலில் ஆகக் குறைந்த மருந்துதான். அதையும் அளவுக் குழாயில் அளந்தே போடுவார். முதல் வெடியும் அவரே சுடுவார்.

ஒரு கல்யாணத்துக்குச் சத்தம் பலமாக வேண்டும் என்றார் முதலாளி கஃபீல். அன்று மருந்து போட்டதும் அண்ணன் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

"அளவு கம்மிதானே, அண்ணே?"

"கம்மிதான்டா. யல்லா, சுடு."

சொல்லிவிட்டுப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குழல் வெடித்து என் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கஃபீலிடம் அரபியில் சொன்னார். மருந்தைக் கூட்டிப் போட்டது நான்தானாம். கஃபீல் போனதும் ஆரஞ்சை உரித்து எனக்கு ஊட்டினார். நானும் வாயைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.