எளாவூரில் கைமாறும் போன்

"லாரி ஷெட்ல இருக்கிறவனுங்க போனை உன் கையில குடுத்துடுவானுங்களா? வெறுங்கையோடதான் வரப்போற, பாரு" என்றார் எங்கள் மேலாளர் தனசேகர்.

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் சிறிய தொழிற்சாலை எங்களுடையது. அதன் கணினிப் பிரிவு என்பது நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். இந்த மாதிரிப் பேச்சுக்கு வாயால் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

அது 2009. கம்பெனி ஐந்து பேருக்கு மெயில் பார்க்கும் ஸ்மார்ட்போன் கொடுத்திருந்தது. அதில் ஒன்று எளாவூரில், ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால், எங்கள் லாரிகளை அனுப்பிவைக்கும் ஜப்பாரிடம் இருந்தது. எந்தச் சரக்கு எங்கே போகிறது, என்ன வாடகை என்பதெல்லாம் அவருக்கு மெயிலில் போகும். போன மாதம் அந்த வாடகை விவரம் வெளியாள் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. ஜப்பாரின் போன் பத்திரமாக இல்லையென்றால் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும் என்பது எனக்கு வந்த உத்தரவு.

காலை ஏழு மணிக்குத் திருவள்ளூரில் பெரியபாளையம் பஸ் ஏறினேன். ஏழு ரூபாய் டிக்கெட். ஜன்னலோரம் செங்கல் சூளைகளும், மல்லிகைத் தோட்டங்களும் மாறி மாறி வந்தன. பெரியபாளையத்தில் இறங்கினால் ஆரணி ஆற்றில் தண்ணீர் இல்லை; மணலில் லாரிச் சக்கரத் தடம்தான் ஓடியது. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கவரைப்பேட்டை. பிறகு நான்கு ரூபாய்க்கு ரயில் டிக்கெட், ஒரே ஸ்டேஷன், கும்மிடிப்பூண்டி.

ரயிலிலிருந்து ஷிப்டுக்குப் போகும் கூட்டம் ஒரே வீச்சில் இறங்கியது. என்னைத் தள்ளிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் போனில் பேசிக்கொண்டே போனார்கள். சிப்காட் பக்கமிருந்து காற்று வீசினால் உருக்காலைப் புகை தொண்டையில் நிற்கிறது. ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய் கொடுத்து எளாவூர் போய்ச் சேர்ந்தேன். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கண்ணுக்கெட்டிய வரை லாரிகள் நின்றிருந்தன.

எங்கள் ஷெட் ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசைக்குப் பின்னால் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லவில்லை.

"அண்ணே, ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

"இந்தாம்மா" என்று இடதுகையால் நீட்டினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பூட்டு எண் எதுவும் கேட்காமல் போன் திறந்தது. திறந்ததும் மெயில். முதல் மெயிலிலேயே விஜயவாடா சரக்குக்கு நாங்கள் பேசிய வாடகை இருந்தது. அதை அவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, என் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தேன்.

ஜப்பார் இட்லியைக் கீழே வைத்தார். "இன்னா தங்கச்சி, இப்டி மாட்டி உட்டுட்டியே. பொம்பளப் புள்ள ரோட்டாண்ட தனியா நிக்குது, போன் கேக்குது, இல்லன்னு எப்டி சொல்றது?"

"பொம்பளைங்களுக்கு மட்டும்தான் குடுப்பீங்களா?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் ஒரு ஆந்திர டிரைவர் வந்து நின்றார். "பாய், போன் குடு நைனா. ஊட்டுக்குச் சொல்லணும். எங்க சிம்ல பேசுனா டப்பு பூடுது."

ஜப்பார் என்னைப் பார்த்தார். டிரைவர் ஜப்பாரைப் பார்த்தார். "இன்னா பாய், புதுசா யோசிக்கிற?"

எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. எல்லை தாண்டினால் ஆந்திர சிம்முக்கு ரோமிங். பேசினாலும் காசு, கேட்டாலும் காசு. ஆகவே அங்கிருந்து வரும் டிரைவர்கள் எல்லாரும் எளாவூரில் ஜப்பாரிடம் போன் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் திருப்பிக் கூப்பிடுவதும் அதே எண்ணுக்குத்தான்.

என் போனை டிரைவரிடம் கொடுத்தேன். அவர் பேசிவிட்டுப் போனார். அப்புறம் ஜப்பார் கேட்டார்: "வாங்கினு பூடுவியா?"

"அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"இந்தப் போன் வர்றதுக்கு முன்னாடி, சாயங்காலமானா மறுநாள் லோடு விவரம் வாங்க நம்ம கும்மிடிப்பூண்டி ஆபீசுக்குப் போவணும். அங்க லேட்டானா பொன்னேரில எங்க ஊரு பழவேற்காட்டுக்குக் கடைசி பஸ் பூடும். வாரத்துல நாலு நாள் இந்த மேஜமேலதான் படுக்கை. எம் பையன் என்னைப் பாத்தா 'யாரும்மா இது'ன்னு கேக்காத கொறை. இப்பத்தான் ஊட்ல சோறு துன்றேன்."

அவர் கெஞ்சவில்லை. சொல்லிவிட்டு இட்லியை மறுபடியும் எடுத்தார்.

கேட்டவருக்குப் போன் கொடுக்காதீர்கள் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கலாம். அது ஒருநாள்கூட நிற்காது. என் பிளஸ் டூ மார்க்கே திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவருடைய போனில்தான் வந்தது. அவர் இல்லையென்று சொல்லவில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்துக் கும்மிடிப்பூண்டி கடைத்தெருவுக்குத் திரும்பினேன். பேச மட்டுமே உதவும், டார்ச் வைத்த சாதாரண போன் ஒன்றும் சிம் ஒன்றும் வாங்கிவந்தேன். நைலான் கயிற்றால் அதை மேசைக்காலில் கட்டினேன். கேட்கிறவர்களுக்கு இனி அந்தப் போன். ஸ்மார்ட்போனுக்குப் பூட்டு எண் வைத்து, மெமரி கார்டில் கிடந்த பழைய வாடகைப் பட்டியல்களை அழித்தேன். தொலைந்தால் வேறொரு போனிலிருந்து ஒரு ரகசிய வார்த்தையை மெசேஜ் அனுப்பினால் போதும், தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்த வசதியையும் இயக்கினேன்.

"வார்த்தை சொல்லுங்க."

"பேஜாரு."

"அண்ணே, உங்களுக்கு அந்த மெசேஜ் ஒரு நாளைக்கு எத்தனை வருது?"

சிரித்துவிட்டார். "ஆமால்ல, லாரி பஞ்சரானாலே அதான் வரும். தெனம் பூட்டிக்கும்." பிறகு வேறொரு வார்த்தை வைத்தோம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது இரண்டு டிரைவர்கள் மேசையருகே குனிந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கயிறு குட்டை. ஜப்பார் பழவேற்காடு போகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கும் இதே நேரத்துக்குக் கிளம்புவாரா என்பது காக்களூரில் தனசேகர் சார் சொல்வதில் இருந்தது.

மறுநாள் காலை தனசேகர் சாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஜப்பார் முகம்கூடப் பார்க்காமல் போனை நீட்டியதையும் சேர்த்து.

"இதுக்கு அப்புறமும் அவன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கியா? யாருன்னே தெரியாம குடுக்கிறவன்கிட்ட கம்பெனி போன் எதுக்கு? நாளைக்கே வாங்கிடு."

"சரி சார். என் போன்ல சார்ஜ் இல்ல. ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

நீட்டினார். கண் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. பூட்டு எண் இல்லை. திறந்ததும் மெயில், அதில் எங்கள் எல்லாருடைய சம்பள விவரம். என் பெயருக்கு நேரே இருந்த தொகையை மட்டும் படித்துக் காட்டினேன்.

அவர் திரையை விட்டுத் திரும்பினார்.

"இதையும் வாங்கிடலாமா சார்?"

"ஜப்பார் போன் அங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு கையை நீட்டினார். "அதைக் குடு."

பூட்டு எண் ஒன்றை வைத்துவிட்டுக் கொடுத்தேன். அது என்னவென்று கேட்க இப்போது அவர் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறார்.