விஜிலாவின் எட்டு மீட்டர்

திரேஸ்புரத்து விஜிலா மட்டும் பிறக்காமல் போயிருந்தால், உலகத்து விமானங்கள் எல்லாம் இந்நேரம் கருவாட்டோடு கருவாடாக நம் கடற்கரையில் காய்ந்துகொண்டிருக்கும். இது அவள் தம்பி அமலன் போட்ட கணக்கு. கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை தவறியவன் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

அவள் செய்வது ரேடார் உயரமானிக்கான சர்க்யூட் போர்டு. விமானத்தின் வயிற்றிலிருந்து ரேடியோ அலை கீழே போய்த் திரும்பும். திரும்பியதைப் பிரித்துப் பார்த்து, தரை எத்தனை மீட்டர் என்று போர்டு சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போர்டு தேறினால் பெங்களூரு ஆபீஸில் அவளுக்கு நிரந்தர வேலை.

மொட்டைமாடிச் சுவருக்கு வெளியே ஆண்டெனாவைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு, கீழறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்தது. ஆண்டெனா மேல் காக்கை எச்சம். துடைத்துத் துடைத்து அருவருத்துப் போயிருந்தாள். இது போதாதென்று, மாடியின் உயரமான எட்டு மீட்டரில் நிற்கவேண்டிய எண் மூன்று நாளாகத் தாவிக்கொண்டிருந்தது.

"குதிக்கிற எண்ணை மறைச்சிரும்மா. அந்நேரம் பழைய எண்ணே நிக்கட்டும். யாரு பாக்கப் போறா?" என்றார் போனில் மேலாளர் மகாராஜன்.

அழுகின மீன்மேல் ஐஸைக் கொட்டி ஏலம் விடுகிறவனைப் பார்த்ததுபோலப் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"எங்கப்பா கடல்ல நிக்காரு சார். வள்ளம் கவுந்தா தேடி வார ஹெலிகாப்டர், பழைய எண்ணை நம்பித் தண்ணில விழட்டுமா? சீ!"

போனை வைத்துவிட்டுத் தாவிய எண்களை வரிசையாகப் பார்த்தாள். ஒன்றரை, மூன்று, நாலரை, ஆறு, ஏழரை. பிறகு எட்டு. தினமும் அமலனுக்கு டியூஷன் விடும் நேரத்துக்குப் பிறகுதான். பழுதுக்கு இத்தனை ஒழுங்கு கிடையாது. ஆழம் பார்க்க அப்பா, விரித்த இரு கையின் நீளத்தை ஒரு பாகமாக வைத்து, பாகம் பாகமாகத்தான் கயிறு விடுவார். அந்த வீட்டில் யாருக்கும் வேறு விதமாகக் கயிறு இறக்கத் தெரியாது. ஆனால் அப்பாவின் பாகம் ஒன்றே முக்கால் மீட்டர்; இந்த எண்ணோ ஒன்றரை ஒன்றரையாக ஏறியிருந்தது.

அளவு டேப்போடு மாடியேறினாள். அமலன் பித்தளைத் தாம்பாளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதில் கட்டிய கயிறு அவன் காலைச் சுற்றிக் கிடந்தது. போர்டு பொய் சொல்லவில்லை. ஆண்டெனாவுக்கு அடியில் தொங்கிய தாம்பாளத்தைத்தான் தரை என்று அளந்திருந்தது.

"காக்கா விரட்டுதேன்க்கா."

"கையை விரில."

விரித்தான். விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்தாள்.

"ஒண்ணு அம்பது." டேப் சுருண்டது. "நான் பெங்களூரு போகக்கூடாதுன்னா வாயால சொல்லணும்ல, மூதேவி."