கடல் தெரியாத அறை

அந்தப் புத்தகத்தை எப்போது விரித்தாலும் நடுத்தையலில் இருந்து மணல் உதிரும். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. அங்கே ஒரு விடுதியில் சமையல் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர், இங்கிலீஷ் டீச்சர் இருக்கிற வீடு என்று எனக்குக் கொண்டுவந்து தந்தார். முன்னட்டை இல்லை. தாள்கள் கடல் ஈரத்தில் ஊறிக் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தன. கிரேக்க நாட்டின் தீவுகளில் கையில் அதிகம் காசில்லாதவர்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் புத்தகம். நான் இரண்டு நாள் புரட்டிவிட்டு மூலையில் போட்டேன். எனக்கு மூத்த ராத்தா அதை எடுத்துத் தூசு தட்டித் தன் தையல் மெசினின் மேல் வைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மாதத்துக்குள், தனக்கு வேண்டிய தீவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவளுடைய விரலுக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில், உம்மா வாப்பா, இரண்டு தம்பிமார், ராத்தா, நான் என்று ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். வீடு ராத்தாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. எங்கள் பக்க வழக்கப்படி ராத்தாவின் புருஷன், என் மச்சான், கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்குத்தான் குடிவந்தார். அவரும் அவருடைய தம்பியும் லொறியில் மட்டக்களப்புக்கு அரிசி ஏற்றிப் போவார்கள். தொண்ணூறாம் ஆண்டு அந்த லொறியை வழியில் ஆயுதக்காரர்கள் மறித்தார்கள். இரண்டாம் நாள் பகலில் மச்சான் மட்டும் வெறுங்காலோடு வாசல் கடப்படியில் வந்து நின்றார். தம்பி வரவில்லை. அடக்க மையித்தும் கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டு நாள்தோறும் ஆட்கள் வந்தார்கள். அவர் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் மாதம் கொழும்புக்குப் போய், கிரேக்கக்காரர் ஒருவரின் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்கு ஏறிவிட்டார்.

அதன் பிறகு ஐந்து வருடங்களாகக் கடிதம்தான். கப்பல் ஒரு தீவில் திருத்த வேலைக்கு நிற்கிறது, முடியாமல் வர ஏலாது என்று ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தார். "அவருக்கு வர ஏலாட்டி நான் போறன்" என்று ராத்தா ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னபோது வீட்டில் யாரும் அதைப் பேச்சாக எடுக்கவில்லை. வீட்டுக் கடிதங்களெல்லாம் எழுதுகிற நான்தான் அதையும் கடிதத்தில் எழுதினேன். பதில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. இங்கே வரவேண்டாம், தங்க இடமில்லை, ஓட்டல்களெல்லாம் பணக்கார வெள்ளைக்காரருக்கானவை என்று எழுதியிருந்தார்.

"மலிவான ரூம் இல்லாத ஊர் உலகத்துல எங்க இரிக்கி? வாப்பா கொழும்புக்குப் போனா மருதானையில தங்கலியா?" என்றாள் ராத்தா.

அன்றைக்குத்தான் அந்தப் புத்தகம் மூலையில் இருந்து தையல் மெசினுக்கு வந்தது. அந்தத் தீவுக்கான பக்கங்களில் மலிவு என்ற தலைப்பின் கீழ் ஐந்து ஓட்டல்கள் இருந்தன. ஐந்துக்கும் கடிதம் எழுதினோம். கல்முனைத் தபாற்கந்தோரில் இருந்து ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஆறு ஏழு வாரம் ஆகும். சண்டையில் றோட்டு மூடியிருந்தால் அதற்கும் மேல். அந்த வாரங்களில் ராத்தா ஓர் இடத்தில் இருக்கமாட்டாள். தைத்த சட்டையைப் பிரித்து மறுபடி தைப்பாள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உலைக்கு அரிசி போடுவதை விட்டுவிட்டுக் கடப்படிக்கு ஓடுவாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புதிதாக ஒரு கேள்வி வைத்திருப்பாள். அறையில் சோறு ஆக்க விடுவார்களா? கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா, கடதாசி மட்டும்தானா? எந்த மாதம் வாடகை குறையும்? மீன் பொரிக்கிற எண்ணெயில் பன்றி பொரிப்பார்களா? கிப்லா எந்தப் பக்கம்?

கடைசிக் கேள்வியை எழுதிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து அட்லஸைக் கொண்டுவந்து விரித்தேன். நமக்கு மக்கா மேற்கே. அந்தத் தீவில் இருப்பவர் தென்கிழக்கே பார்த்துத் தொழ வேண்டும். ராத்தா ஒரு விரலை நம் கரையிலும் மறு விரலைத் தீவிலும் வைத்து, இரண்டையும் மக்காவை நோக்கி மெதுவாக நகர்த்தினாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நாங்க ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கிட்டா தொழுதிரிக்கம்?" என்றாள்.

ஐந்து ஓட்டல்களில் ஒன்றிலிருந்துதான் பதில் வந்தது. எழுதியவர் ஒரு பெண். ஓட்டல் அவருடையதுதான். இங்கிலீஷ் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக எழுதியிருந்தார். அறையில் சமைக்க ஏலாது, ஆனால் பகல் இரண்டு மணிக்குப் பிறகு தன் குசினியில் சமைக்கலாம், தன் வீட்டில் பன்றி இல்லை, தனக்கே அது பிடிக்காது, புரட்டாதியில் வந்தால் வாடகை பாதி என்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருந்தது. விசாவுக்குக் காட்ட ஒரு கடிதமும் தருவேன், உங்கள் கணவரின் பெயரையும் கப்பலின் பெயரையும் எழுதுங்கள், துறைமுகத்தில் சொல்லிவைக்கிறேன் என்றும் இருந்தது. ராத்தா அந்தக் கடிதத்தை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "நல்ல பொம்புளயாத்தான் இரிக்கி" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். பெயர்களை எழுதி அனுப்பினோம். ராத்தா இரண்டு காப்புகளை விற்றாள்; பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்தாள்.

அடுத்த கடிதம் நான் கொடுத்திருந்த பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. இடைவேளையில் பிரித்தேன்.

நீங்கள் எழுதிய கப்பல் பங்குனி மாதமே போய்விட்டது என்று எழுதியிருந்தார் ஓட்டல்காரி. உங்கள் கணவர் அதில் போகவில்லை. இங்கே படகுகளுக்கு நிறம் பூசுகிறார். நான் போய்க் கண்டேன். நல்ல மனிதர், ஆனால் யாரோடும் பேசுவதில்லை. நீங்கள் வரப்போவதைச் சொன்னதும் தூரிகையைக் கீழே வைத்தார். அவளுக்கு ஒன்றும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வேறு பெண் யாரும் இல்லை, அதையும் விசாரித்துவிட்டேன். நீங்கள் வந்தால் பின்பக்கத்து அறை இருக்கிறது. என் கணவரும் கப்பல்காரராகத்தான் இருந்தார். அப்போது எனக்கு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அதனால் நான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் கடிதம் வந்ததைச் சொன்னதும் ராத்தா அடுப்படியில் பலகைக் கட்டையைப் போட்டு உட்கார்ந்து, "வாசி புள்ள" என்றாள். நான் தாளை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். புரட்டாதியில் அறை இல்லையாம், எல்லாம் நிரம்பிவிட்டதாம் என்றேன். அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"அப்ப ஐப்பசிக்குக் கேளு."

அதன் பிறகு பத்து நாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நாட்களை நான் கண்டதில்லை. ஐப்பசிக்குக் கேட்டு எழுதுவதுபோல் எழுதினேன்; உறையை ஒட்டினேன்; தபாலில் போடவில்லை. வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்று போனேன். ராத்தாவோ அரிசிமா வறுத்தாள், கருவாடு காயவைத்தாள், குளிருக்கென்று எனக்குத் தெரியாமல் என் கம்பளிச் சட்டையைப் பிரித்துத் தன் அளவுக்குத் தைத்தாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். நாட்கள் போகப் போக, அவளுடைய புருஷனைப் பற்றி அவளைவிட எனக்கு அதிகம் தெரிந்திருப்பது களவெடுத்த பொருளை வீட்டில் வைத்திருப்பதுபோல் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்கள். உம்மா பக்கத்து வளவுக்குப் போயிருந்தார். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ராத்தாவின் முன்னால் நின்றேன்.

"ராத்தா, நான் அண்டைக்குப் பொய் வாசிச்சிட்டன்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். "இரிந்து வாசி. ஒரு சொல்லும் விடாத" என்றாள். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை வாசித்து முடித்தபோது பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது. அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். என்னைத் திட்டுவாள் என்றும் காத்திருந்தேன். அவள் முந்தானை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரூம் இரிக்காமா?" என்றாள்.

"இரிக்காம். பின்பக்கத்து ரூமாம். ஜன்னலத் துறந்தா கடல் தெரியாதாம். அதனாலதான் மலிவாம்."

"கடல் இஞ்ச தெரியிதுதானே. அதையே எடு."

விசாத் தாள்கள் கொழும்பில் இருந்து கிரேக்கத் தூதரகம் இருக்கிற டில்லிக்குப் போய்த் திரும்பி வந்தன. ராத்தாவோடு வாப்பாவும் கொழும்புவரை போனார். வழியில் பஸ்ஸை நிறுத்திப் பார்த்த படைக்காரன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, சவூதிக்கா, குவைத்துக்கா என்று கேட்டானாம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாஸ்போர்ட்டோடு போனால் வீட்டு வேலைக்குத்தான் போவார்கள். "இல்ல, மாப்புளயப் பாக்கப் போறன்" என்றாளாம் ராத்தா. அவனுக்கு விளங்கவில்லை. வாப்பா அதை உடைந்த சிங்களத்தில் மாற்றிச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தானாம்.

அவள் அங்கே பதினொரு நாள் இருந்தாள். அந்த நாட்களைப் பற்றி ஒரே இருப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. துண்டு துண்டாகப் பல வருடங்களில் சொன்னாள். படகுத் துறையில் நகக்கண்ணில் நீலப் பெயின்ட்டோடு அவர் நின்றாராம். அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். முதல் இரண்டு நாளும் சாப்பாட்டைத் தவிர வேறு கதை இல்லை. மூன்றாம் நாள் மழை. படகு வேலை இல்லை. காலையில் அவர் கதிரையில் உட்கார்ந்து பேசத் தொடங்கியவர் பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் நிறுத்தவில்லையாம். லொறியை மறித்தவர்கள் அவரைப் பார்த்து நீ போ என்றார்களாம். போனார். பின்னால் தம்பி கூப்பிட்டான். திரும்பிப் பார்க்காமல் போனார். தம்பி கூப்பிட்டது தன் உம்மாவுக்குத் தெரிந்தால் தன்னை எப்படிப் பார்ப்பார் என்ற ஒன்றுதான் அவரைக் கப்பலில் ஏற்றியது. கப்பல் போனபோது தீவில் இறக்கியும் வைத்தது. கல்யாணம் முடித்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் தனியாக இருந்ததே இல்லை என்று ராத்தா சொன்னபோதுதான் நானும் யோசித்தேன். எந்த நேரமும் ஆறு பேர் இருக்கிற வீடு, என்ன நடந்தது என்று கேட்க ஊர் முழுவதும் வருகிற வீடு. அவர் அதை அங்கே எந்த மூலையில் இருந்து சொல்லியிருப்பார்?

"வாங்க எண்டு நான் கேக்கல்ல" என்றாள். தனியாகத்தான் திரும்பி வந்தாள். வந்தவள் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பெட்டியைக் கடப்படியில் வைத்துவிட்டு, அடுத்த ஒழுங்கையில் இருந்த மாமியின் வீட்டுக்குப் போனாள். மச்சானின் உம்மா அவர். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து மாமி என்னைக் கூப்பிட்டுத் தாளும் பேனையும் எடுக்கச் சொன்னார். "நீ வா மகன். நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றார். எழுதினேன். வேறென்ன எழுத என்று கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை என்றார். அந்த இரண்டு வரியில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. வழக்கமாகச் சேர்க்கிற சுகவிசாரிப்பைக்கூடச் சேர்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மச்சான் வந்தார். நேரே தன் உம்மாவிடம் போனார். பிறகு இங்கே கரையில் மீன்பிடி வள்ளங்களுக்கு நிறம் பூசினார். இன்றைக்கும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பின்னேரங்களில் ராத்தாவும் அவரும் அறைக்குள் கதைத்துக்கொண்டிருப்பது எங்கள் பக்கம் வரை கேட்கும். நாங்கள் யாரும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவதில்லை.

போன மாதம் என் மகள் கல்யாணம் முடித்த கையோடு நுவரெலியாவில் ஓர் அறை பிடிக்க உட்கார்ந்தாள். போனில் படம் பார்த்து, விலை பார்த்து, நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அறையின் சொந்தக்காரி யார், எப்படிப்பட்டவள் என்று ஒன்றும் தெரியாது. எனக்கு ஏனோ இருப்புக் கொள்ளவில்லை. சமையல் உண்டா, சுடுதண்ணி வருமா, பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் படம் காட்டினாள். ராத்தா கட்டிலில் சாய்ந்து பாக்கு வெட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதவு உள்ளுக்கால பூட்ட ஏலுமா எண்டு பாரு புள்ள" என்றாள் என் மகளிடம். "மத்ததெல்லாம் இல்லாட்டியும் பரவாயில்ல."